புதியவரிடம் பழகும் முறை

அங்கத்தினர் கல்விப் பாடம்

சங்கத்தின் விற்பனை நிலையத்திற்குள் ஒருவர் நுழைகின்றார். அவர் யார், எவ்வூரினர், துணி வாங்க வந்தவரா, வழி கேட்க வந்தவரா என்பது நமக்குத் தெரியாது. நம்மைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. நாம் அவரைப் பார்க்கும் பார்வை, சொல்லும் முதற்சொல், காட்டும் இருக்கை ஆகிய மூன்றைக் கொண்டே அவர் நம் சங்கம் முழுவதையும் எடைபோட்டுவிடுகின்றார். நமது ஐந்தொகையை அவர் படிக்கப்போவதில்லை. தணிக்கை அறிக்கையையும் கேட்கப்போவதில்லை. ஆதலால், முன்பின் அறியாதாரிடம் பழகும் முறையை வெறும் உபசாரம் என்று தள்ளிவிடாமல், நூல் கணக்கையும் உரக் கணக்கையும் கற்பது போலக் கருத்துடன் கற்றல் வேண்டும்.

உறவினரிடமும் ஊராரிடமும் நடந்துகொள்ளும் முறையை நாம் பிறந்த நாள் முதல் வீட்டிலே கற்கின்றோம். புதியவரிடம் நடந்துகொள்ளும் முறையை எவரும் நமக்குத் தனியாகக் கற்பித்ததில்லை. முற்காலத்தில் அதற்குத் தேவையும் மிகுதியாக இருந்ததில்லை. நெசவாளர் தம் சேலையை ஊரிலுள்ள வணிகரிடம் கொடுத்துக் கூலி பெற்றார். உழவர் தம் விளைவைத் தரகரிடம் ஒப்படைத்தார். அச்சேலையை உடுத்தியவரையும் அக்காயைச் சமைத்தவரையும் அவர்கள் கண்டதே இல்லை. இந்நிலை படிப்படியாக மாறியது. 1935ஆம் ஆண்டில் தோன்றி இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் தலைமைச் சங்கம் கைத்தறித் துணியைத் தன் கடைகளின் வாயிலாகப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. 1999ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, பயிர் செய்தவரையும் சமைப்பவரையும் நேருக்கு நேர் நிறுத்தியது. இடையில் நின்றவர் விலகினால் அவர் பெற்ற தரகு நமக்கு மிஞ்சும். அவர் செய்த வேலையும் நம்மையே சேரும். புதியவரிடம் பேசுதல் அவ்வேலைகளுள் முதன்மையானது.

இப்பொருளைப் படிப்பதற்குத் திருக்குறளின் அதிகார வைப்பு முறையே நல்லதொரு வழிகாட்டி. விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம், இனியவை கூறல் 10, செய்ந்நன்றியறிதல் 11, நடுவுநிலைமை 12. வந்தவரை ஏற்றல், அவரிடம் இனிதாகப் பேசல், அவரால் பெற்ற நன்மையை உணர்தல், எல்லாரிடத்தும் ஒத்து நடத்தல் என்னும் இந்நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவ்வரிசையிலேயே நாமும் செல்வோம்.

1. வரவேற்றல்

விருந்து என்றவுடன் இலையும் பாயசமும் இன்று நினைவுக்கு வருகின்றன. அச்சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியத்தில் புதிய முறையில் இயற்றப்படும் நூல்வகை ஒன்றுக்கு விருந்து என்றே பெயர். அப்பொருளிலிருந்தே, புதிதாக வந்தவர் விருந்தினர் ஆயினர். ஆகவே, தமிழ் வழக்கின்படி விருந்தோம்பலுக்கு முதல் உரிமை உடையவர் முன்பின் அறியாத அயலாரே. பொங்கலுக்கு வந்த மாமனும் அத்தையும் உறவினர். வழி கேட்டு வந்து நிற்பவர் விருந்தினர். இதனை நாம் மாற்றிப் புரிந்துகொண்டுவிட்டோம்.

வரவேற்பு முகத்தில் தொடங்குகின்றது. மோந்தால் வாடும் அனிச்ச மலரைக் காட்டி, முகம் திரிந்து நோக்கிய அளவிலேயே வந்தவர் வாடிவிடுவார் என்று வள்ளுவர் குறிப்பிட்டதை யாவரும் அறிவர். இதன் நடைமுறைப் பொருள் மிக எளியது. ஒருவர் உள்ளே வந்தால் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, 'வாருங்கள்' என்று சொல்லுதல் வேண்டும். வேறொருவருக்குத் துணி அளந்துகொண்டிருந்தாலும், 'சற்று அமருங்கள், இதோ வருகின்றேன்' என்னும் ஒரு தொடரைச் சொல்ல நேரம் இல்லாமற் போகாது. காத்திருப்பது எவருக்கும் பெருந்துன்பம் அன்று; நாம் காத்திருப்பதை எவரேனும் கண்டார்களா என்று அறியாமல் நிற்பதே துன்பம்.

இக்காலத்தில் இதற்கு இடையூறாக இருப்பது கைப்பேசி. எதிரில் ஆள் நிற்கக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே விலை சொல்லுதல், முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு நிகரானது. தவிர்க்க இயலாத அழைப்பாயின், 'ஒரு நிமிடம் பொறுங்கள்' என்று எதிரில் உள்ளவரிடம் கேட்டுக்கொண்டு பின்னரே பேசுதல் முறை.

கடையில் மட்டும் வரவேற்பு நிகழ்வதில்லை. நெசவாளர் தெருவில் காலை வேளையில் பாவு நீட்டியிருக்கின்றோம். அவ்வழியே புதியவர் ஒருவர் வண்டியில் வந்து திகைத்து நிற்கின்றார். பாவு என்றால் என்ன, அதில் வண்டி பட்டால் எத்தனை நாள் உழைப்புக் கெடும் என்பதை அவர் அறியமாட்டார். 'கண் தெரியவில்லையா?' என்று அதட்டினால் அவர் போய்விடுவார். கைத்தறி என்றால் அவர் நெஞ்சில் அந்த அதட்டலே நிற்கும். 'இங்குப் பாவு போட்டிருக்கின்றோம். அடுத்த தெரு வழியாகப் போகலாம், வாருங்கள், காட்டுகின்றேன்' என்றால், அவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பாவையே பார்த்து நிற்கவும் கூடும். பாவு இரண்டு விதத்திலும் காப்பாற்றப்படுகின்றது. இரண்டாவது விதத்தில் ஒரு மனிதரும் நமக்குக் கிடைக்கின்றார்.

2. விளித்தலும் வினவுதலும்

தமிழில் புதியவரை எவ்வாறு அழைப்பது என்பது நுட்பமான செய்தி. நம் மொழியில் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இரு சொற்கள் உள்ளன. புறநானூற்றுப் புலவர்கள் முடியுடை வேந்தரையே 'நீ' என்று விளித்துப் பாடினர். அதில் இழிவு எதுவும் இல்லை. நீர், நீங்கள், அவர் என்பன பலரைக் குறிக்கும் பன்மைச் சொற்களாக இருந்து, ஒருவரையே மதித்துக் கூறும் சொற்களாகவும் பின்னர் வழக்கில் வந்தவை. அவ்வழக்கு வேரூன்றிய பிறகு, எவருக்கு எச்சொல் என்பது ஒரு கோடாகிவிட்டது. காரில் வந்தவருக்கு 'நீங்கள்', மிதிவண்டியில் வந்தவருக்கு 'நீ' என்று ஒரே வாய் ஒரே நாளில் பேசுமானால், அவ்வாய் ஒரு தராசுக்கு இரண்டு படிக்கற்களை வைத்திருக்கின்றது என்பதே பொருள். அறியாதவர் யாவராயினும், இளைஞராயினும், கூலி வேலைக்கு வந்தவராயினும், 'நீங்கள்' என்பதே சங்கத்தின் சொல்லாக இருத்தல் வேண்டும்.

நம் மொழிக்கு வேறொரு செல்வமும் உண்டு. ஐயா, அம்மா, அண்ணா, அக்கா, தம்பி என்னும் ஒரு சொல்லால் முன்பின் அறியாதவரை நம் வீட்டாராக்கிவிடுகின்றோம். கொங்கு நாட்டில் 'சரிங்க', 'இல்லைங்க' என்று சொல்லின் ஈற்றில் ஒரு சிற்றசையைச் சேர்த்தே மரியாதையைக் காட்டிவிடுகின்றனர். இவை நம்மிடம் இருக்கும்போது வேறு மொழி உபசாரச் சொற்களைத் தேடிப்போக வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் கவனித்தல் நலம். தலை நரைத்த காரணத்தால் ஒருவரைத் 'தாத்தா', 'பாட்டி' என்று அழைப்பது அன்பினால் எனினும், கேட்பவர் எல்லாரும் அதனை விரும்புவதில்லை. ஐயா, அம்மா என்பன எவரையும் புண்படுத்தா.

விளித்த பின்னர் வினவுதல் வருகின்றது. நம் நாட்டில் அறிமுகம் பெரும்பாலும் கேள்வியாகவே தொடங்கும். 'எந்த ஊர்?', 'ஊரில் எந்தப் பக்கம்?', 'எந்தத் தெரு?', 'யார் வீட்டுப் பிள்ளை?' என்று படிப்படியாக இறங்கிவரும் கேள்விகளை நாம் கேட்டிருக்கின்றோம். முதற்கேள்வி அன்பினால் கேட்கப்படுவதாக இருக்கலாம். கடைசிக் கேள்வி எதை அறிவதற்காகக் கேட்கப்படுகின்றது என்பதைக் கேட்பவரும் அறிவார்; விடை சொல்லத் தயங்கி நிற்பவரும் அறிவார். சாதி என்னும் சொல்லை வாயால் சொல்லாமலே சாதியை அறிந்துகொள்ளும் வழி அது. விடையைக் கேட்ட பின் குரல் மாறினாலும், நீட்டிய செம்பு பின்வாங்கினாலும், அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

ஆகவே, வினவுதற்கு ஓர் எளிய விதியைக் கொள்வோம். 'இதற்கு இவர் என்ன விடை சொன்னாலும் நான் இவருக்குச் செய்யும் பணி மாறுமா?' என்று கேட்பதற்கு முன் நம் உள்ளத்தில் வினவிக்கொள்ள வேண்டும். சேலை திருமணத்திற்கா, அன்றாட உடைக்கா என்று கேட்டால், விடைக்கேற்ப வேறு சேலையை எடுத்துக் காட்டுவோம், அக்கேள்வி தகும். உரம் நஞ்சைக்கா, புஞ்சைக்கா என்பதும் தகும். எந்தத் தெருவினர் என்பதால் முழக்கோலும் நீளாது, தராசும் தாழாது. பணியை மாற்றாத கேள்வியைக் கேளாமல் விடுவதே நாகரிகம். சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் திருமணம் ஆகவில்லை, குழந்தை உண்டா என்பவையும் இவ்விதியின்படியே விலக்கத்தக்கவை.

3. உண்மையும் நன்றியும்

புதியவரிடம் நாம் காட்டக்கூடிய மரியாதைகளுள் தலையாயது உண்மை. பழகிய வாடிக்கையாளர் துணியைத் தடவிப் பார்த்தே தரம் அறிவார். புதியவர் அறியார். கைத்தறி எது, விசைத்தறி எது, வெள்ளியிழையில் பொன் முலாம் பூசிய சரிகை எது, செம்பிழைச் சரிகை எது என்பன அவருக்கு வேறுபாடு தோன்றாதவை. அவரது அறியாமை நமக்கு வருவாயாகுமானால், 'வாருங்கள் ஐயா' என்று எத்தனை முறை சொன்னாலும் அது மரியாதை ஆகாது. கேட்கப்படும் முன்னரே, 'இது செம்புச் சரிகை. ஆகையால் இந்த விலை' என்று எடுத்துச் சொல்லுதல் வேண்டும். காய்கறிக் கூடையின் மேலே நல்ல தக்காளியும் அடியில் நசுங்கிய தக்காளியும் இருப்பின், அடியில் உள்ளதைக் கைதொட்டுக் காட்டி விலை குறைத்துக் கொடுத்தல் வேண்டும். அவர் வீட்டுக்குப் போய்க் கூடையைக் கவிழ்க்கும்போது நாம் அங்கு இருக்கமாட்டோம். நம் பேச்சின் இனிமை உண்மையா பொய்யா என்பது அவ்வேளையில் தெரிந்துவிடும்.

இருபது சேலைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்திருப்பவர் உண்டு. பிரித்த சேலைகளை மடித்து வைப்பது எளிதான வேலை அன்று. ஆயினும், அவர் முன்னிலையில் முணுமுணுத்துக்கொண்டு மடித்தல் கூடாது. அவர் நேரத்தைச் செலவிட்டு நம் பொருளைப் பார்த்தார். அதுவும் ஒரு நன்மையே. நன்றி என்னும் சொல்லுக்கு நன்மை, நற்செயல் என்பதே பழம்பொருள். பெற்ற நன்மையை உள்ளத்தில் வைத்திருத்தலே செய்ந்நன்றியறிதல். நம் முன்னோர் அதனை வாயால் சொல்வதினும் செயலாலும் முகத்தாலும் காட்டுவதையே பெரிதும் கொண்டிருந்தனர். இன்று அறியாதாரிடம் அதனைச் சொல்லாலும் சொல்லுதல் நலம். ஏனெனில், நம் உள்ளத்தை அறிந்துகொள்ள அவருக்கு இன்னொரு நாள் வாய்க்காமற் போகலாம்.

விடைகொடுக்கும் முறையிலும் தமிழ் வழக்குச் சிறந்தது. 'போகின்றேன்' என்னாமல் 'போய் வருகின்றேன்' என்கின்றோம். வழியனுப்புபவரும் 'போய் வாருங்கள்' என்றே கூறுகின்றார். ஒன்றும் வாங்காதவரையும் அச்சொல்லாலேயே அனுப்புதல் வேண்டும். அவர் மீண்டும் வரலாம் என்னும் இடம் அச்சொல்லில் இருக்கின்றது.

4. நடுவுநிலைமை

மேற்கூறிய மூன்றையும் சிலருக்குச் செய்து சிலருக்குச் செய்யாமல் விட்டால், செய்யப்பட்டவருக்கும் அது மரியாதை அன்று. அவருடைய பணத்திற்கும் பிறப்பிற்கும் செய்யப்பட்ட வணக்கமே. ஆதலின், நான்காம் பகுதியே இப்பாடத்தின் உயிர்நிலை.

உரம் வாங்கச் சங்கத்திற்கு இருவர் வருகின்றனர். ஒருவர் பல ஏக்கர் நிலமுடையவர். மற்றவர் அரை ஏக்கரைக் குத்தகைக்கு உழுபவர், சேரியிலிருந்து வருபவர். முன்னவருக்கு நாற்காலியும் தேநீரும். பின்னவர் படிக்கட்டில் நிற்கின்றார், 'என்னப்பா வேண்டும் உனக்கு?' என்னும் குரல் உள்ளேயிருந்து வருகின்றது. உரத்தின் விலையும் நிறையும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும், அங்கு நடந்தது ஒத்த வணிகம் அன்று.

இதனைச் சட்டமும் நன்கு அறிந்தே எழுதியிருக்கின்றது. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு, கடைகளும் பொது உணவு விடுதிகளும் சாதி, மதம், பால் முதலிய வேறுபாடின்றி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1976இல் திருத்தப்பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயர் பெற்ற சட்டம் இன்னும் நுணுக்கமாகச் செல்கின்றது. பொருளை விற்க மறுப்பது குற்றம் என்பதுடன் அது நிற்கவில்லை. மற்றவருக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளின்படி விற்க மறுப்பதும் தீண்டாமைக் குற்றமே என்று கூறுகின்றது. படிக்கட்டில் நிறுத்தி வைத்துக் கொடுப்பதும், மற்றவர் போன பின் வரச் சொல்லுவதும், தனிக் குவளையில் தேநீர் தருவதும் எவ்வகையில் சேரும் என்பதைப் படிப்பவர் தாமே உணரலாம்.

கூட்டுறவாளருக்குச் சட்டத்திற்கும் மேற்பட்ட ஒரு காரணம் உண்டு. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற பொருள், குறையாத நிறை, ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு என்பன அக்கடை கைக்கொண்ட முறைகள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான். ஆறு பத்தாண்டுகளுக்குப் பின் 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய பண்டகசாலையும் ராச்டேல் வழியைப் பின்பற்றியதே. 1995ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவு இணையம் வரையறுத்த ஏழு கொள்கைகளுள் முதலாவது, பால், சமூகம், இனம், அரசியல், சமயம் என்னும் வேறுபாடு பாராமல் கதவைத் திறந்து வைத்தல் என்பதாகும். பொதுப் பேரவையில் அரை ஏக்கர்க்காரரின் வாக்கும் பெருநிலக்காரரின் வாக்கும் ஒரே எடையுடையவை என்று ஆண்டுக்கு ஒரு நாள் ஒப்புக்கொண்டு, எஞ்சிய நாள்களில் ஒருவரைப் படிக்கட்டில் நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்?

எல்லாரிடமும் பணிந்து பேசினால் நாம் தாழ்ந்துவிடமாட்டோமா என்று சிலர் கேட்கின்றனர். பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு. வலியவரிடம் குனிந்து எளியவரிடம் நிமிர்பவன் இரண்டையும் அறியாதவன். எல்லாரிடமும் ஒரே உயரத்தில் நின்று பேசுபவருக்குத் தாழ்வு எங்கிருந்து வரும்?

5. நாமே புதியவராகும்போது

இதுவரை வந்தவரை ஏற்பது பற்றிக் கண்டோம். நாம் வேற்றூருக்குச் செல்லும்போது நாமே புதியவர். அங்கு நம் கடமைகள் சில. ஒருவர் வீட்டுத் தறியைப் பார்க்கச் சென்றால் காலணியை வாயிலில் விடுதல், கேளாமல் துணியைத் தொடாமை, நாடா ஓடும்போது கேள்வி கேளாமல் நெய்பவர் நிறுத்தும் வரை பொறுத்தல், இசைவு பெற்ற பின்னரே படம் எடுத்தல் ஆகியவற்றைக் கைக்கொள்ள வேண்டும். பிறர் வயலில் ஒரு நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்ப்பதாயினும் கேட்டே செய்தல் வேண்டும். நெல் குவித்த களத்தில் செருப்புடன் ஏறலாகாது. சந்தையில் விலை கேட்பது நம் உரிமை. ஆனால், பொருளைக் குறை கூறி விலையைக் குறைப்பது விற்பவரின் உழைப்பைக் குறை கூறுவதாகும். நம் சேலையை ஒருவர் அவ்வாறு கூறும்போது நம் நெஞ்சு படும் பாட்டை நினைத்துக்கொண்டால் போதும்.

பேருந்திலும் வங்கியிலும் வரிசையைக் காத்தல், கைக்குழந்தையுடன் நிற்பவருக்கும் முதியவருக்கும் இடம் கொடுத்தல், கைப்பேசியில் உரக்கப் பேசாமை ஆகியவை விரித்துரைக்க வேண்டாதவை. தொலைபேசியில் அழைக்கும்போது, 'யார் பேசுவது?' என்று எதிரில் உள்ளவரைக் கேட்பதற்கு முன், நம் பெயரையும் சங்கத்தின் பெயரையும் சொல்லுவது முறை. அழைத்தவர் நாம்; ஆகவே, அறிமுகமும் நம்முடையதாதல் வேண்டும்.

6. மரியாதையும் எச்சரிக்கையும்

மரியாதை எல்லாருக்கும் உரியது. நம்பிக்கை ஆராய்ந்த பின் உரியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் தீங்கு விளைகின்றது. வங்கியிலிருந்து பேசுவதாக இனிய குரலில் ஒருவர் அழைத்து, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்கின்றார். கொடுக்க மறுத்தால் மரியாதைக் குறைவோ என்று தயங்கி எண்ணைச் சொல்லிப் பணத்தை இழந்தவர் உளர். இனிய சொல்லுக்கு இனிய சொல்லே கடன். இரகசிய எண் கடன் அன்று. 'மன்னிக்க வேண்டும், அதனைச் சொல்ல இயலாது' என்று கூறி அழைப்பைத் துண்டிப்பது முற்றிலும் மரியாதையான செயல். சங்கத்திற்குக் கொடுக்க வேண்டிய சரக்கைத் தமக்குத் தரும்படி தேன் ஒழுகப் பேசும் வெளித்தரகருக்கும் இதுவே விடை. 'பார்க்கலாம்', 'நாளை வாருங்கள்' என்று இழுத்தடிப்பதைவிட, தெளிவாகவும் தணிந்த குரலிலும் 'இயலாது' என்பதே அவருக்கும் நன்மை.

முடிவுரை

தராசை ஆண்டுதோறும் முத்திரையிடச் செய்கின்றோம். நம் சொல்லுக்கு முத்திரையிட அதிகாரி எவரும் வருவதில்லை. அதனை நாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சங்கமும் ஒரு மாத காலம் மூன்று ஏற்பாடுகளைச் செய்து பார்க்கலாம். வருபவர் அனைவருக்கும் ஒரே பெஞ்சு. ஒரே வகைக் குவளை. 'நீங்கள்' என்னும் ஒரே சொல். இவற்றிற்குச் செலவு ஏதும் இல்லை. மாத இறுதியில் நிர்வாகக் குழு கூடும்போது, படிக்கட்டில் நிற்பவர் எவரேனும் இன்னும் உளரா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்க அலுவலகத்தில் எவரெவர் அமர்கின்றனர், எவரெவர் நிற்கின்றனர்? காரணம் யாது?

2. புதியவரிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் ஐந்து கேள்விகளை எழுதுக. பணியை மாற்றாத கேள்விகள் அவற்றுள் எவை?

3. பொருளின் குறையைக் கேளாமலே எடுத்துச் சொன்னால் விற்பனை குறையுமா? உங்கள் அனுபவத்தைக் கொண்டு விடை கூறுக.

4. மரியாதை குறையாமல் மறுப்பதற்கு உரிய தொடர்கள் மூன்றை உங்கள் ஊர் வழக்கில் அமைத்துக் காட்டுக.